கிளறக் கூடாத காப்ளர்

இந்த வருஷத்து ஹோம்கமிங் விருந்துக்கு பீச் காப்ளரை என் கையாலேயே சுட்டுக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டவன் நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என் மனைவி வெர்டெல் கையில் கத்தி இருந்தது உண்மை. ஆனால் அது பழத்தின் மேல்தான் இருந்தது.

பீச் என்றதும் கடற்கரை என்று நினைத்துவிடாதீர்கள். கடற்கரைக்கு எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். பீச் பழத்துக்கு வாசற்கதவைத் திறந்தால் போதும். ஜார்ஜியாவில் எங்கள் மாவட்டத்துக்குப் பெயரே பீச். ஜூலை மாதம் வந்தால் அதைத் தின்கிறோம், விற்கிறோம், சொந்தக்காரர் தலையில் கட்டுகிறோம். அப்படியும் மிஞ்சுவது, மாவோடு சேர்த்துச் சுடுகிற காப்ளர் என்ற இனிப்பு ஆகிறது.

ஜூலைக் கடைசி ஞாயிறு எங்கள் சர்ச்சில் ஹோம்கமிங். அட்லாண்டாவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ஓடிப்போனவர்களெல்லாம் திரும்பி வந்து, பெக்கான் மரத்தடியில் நீள மேஜை போட்டு, வருஷத்துக்கும் சேர்த்துச் சாப்பிடும் நாள். அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம் என்பதால் யாரும் மீறுவதில்லை. ஒரு பண்டம் ஒருத்தர் பெயரில் விழுந்துவிட்டால் சாகிறவரை அது அவருடையதுதான். சிஸ்டர் ஒடெஸாவின் உருளைக்கிழங்கு சாலட் பக்கம் வேறு யாரும் போகக் கூடாது. காப்ளர் வெர்டெலுடைய அம்மாவுடையது. அம்மாவுக்குப் பிறகு வெர்டெலுடையது.

ஹோம்கமிங்குக்கு நாலு நாள் முன்பு, புதன்கிழமை. நான் செய்த ஒரே தப்பு, வெர்டெல் பீச் உரித்துக்கொண்டிருந்த சமையலறை மேஜையில் போய் உட்கார்ந்தது. இன்னொரு தப்பு, வாயைத் திறந்தது. நான் பஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன். கூலி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் குறை கண்டுபிடித்தேன். ஓய்வு பெற்ற பிறகு கைவசம் பஸ் இல்லை. வெர்டெல் இருந்தாள்.

"ஏன் வெர்டெல், ஒரு காப்ளருக்கு இத்தனை பெருமூச்சா? ஒரு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால். நீ கலந்து ஊத்துற. அப்புறம் எல்லாத்தையும் அவன் பாத்துக்கறான்."

"எவன்?"

"இதோ, இந்த அவன்." அடுப்பின் தலையில் தட்டிக் காட்டினேன்.

"ஓஹோ. அப்போ இத்தனை வருஷமா நான் சும்மா நின்னேன். எல்லாம் அவன் செயல்."

"சும்மான்னு சொல்வேனா? அவனுக்குத் துணையா நின்ன."

வெர்டெல் கத்தியைக் கீழே வைத்தாள். மெதுவாக, சத்தமே இல்லாமல் வைத்தாள். அப்போதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். கோபம் வந்தால் அவள் கத்தியை டமாரென்று போடுவாள். மெதுவாக வைத்தால் அது கோபம் இல்லை, திட்டம்.

"இந்த வாட்டி நீங்க துணைக்கு நில்லுங்களேன், மிஸ்டர் டார்வர்."

என் பெயர் லெமுவல். சாதாரண நாளில் அவளுக்கு நான் லெம். எப்போதாவது மிஸ்டர் டார்வர் ஆகிவிட்டால், ஒன்று வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்க வேண்டும் அல்லது எனக்கு வினை வந்திருக்க வேண்டும். விருந்தாளி யாரும் வரவில்லை.

"நிப்பேன். எனக்கென்ன பயமா? காலிப் பாத்திரம் வீட்டுக்கு வந்தா என்ன தருவ?"

"கிறிஸ்மஸ் வரைக்கும் சனிக்கிழமை உங்களுது. புல்லு வெட்டுங்கன்னு சொல்ல மாட்டேன். கடைக்கு வாங்கன்னு கூப்பிட மாட்டேன். அந்தப் படகைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"மிச்சம் வந்தா?"

"படகு போகணும்."

வீட்டுப் பக்கவாட்டில் நிற்கும் தகரப் படகு அது. ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வு தருகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். ஏரி நடுவில் போய் உட்கார்ந்தால் யாரும் எதையும் தூக்கிக் கொடுக்கச் சொல்ல முடியாது. அந்தப் படகை நான் நேசிக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

"சரி" என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்குக் குளத்தையாவது யாரும் பிடுங்குவதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸ் பெல்ச்சர் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன். படகில் என் கூட்டாளி. படகு போனால் அவனுக்கும் பாதி நஷ்டம்.

"காப்ளரா? நீயா? உனக்குச் செருப்புக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாதேடா."

"அந்தக் காப்ளர் இல்லடா. திங்கிற காப்ளர்."

"நீ பண்ணினா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். அது கிடக்கட்டும், நம்ம சர்ச்சுல கரண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் என்ன கேப்பாங்க?"

"யார் செஞ்சதுன்னு கேப்பாங்க."

"நீ செஞ்சதுன்னு சொன்னா?"

"கரண்டியைக் கீழ வெச்சிடுவாங்க."

"அப்புறம் எப்படிடா காலியாகும்?"

"அவ நீலப் பாத்திரத்துலதானே வைக்கப் போறேன். அது யாருதுன்னு ஊருக்கே தெரியும். யாரும் கேக்கவே மாட்டாங்க. தின்னு முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்."

ஆர்டிஸ் குழாயை மூடினான். "எல்லாம் சரி. வெர்டெல் ஏன் உடனே ஒத்துக்கிட்டா?"

"பயந்துட்டா."

"வெர்டெலா?" என்று கேட்டுவிட்டு அவன் மறுபடி குழாயைத் திறந்தான். தக்காளியிடம் பேசுவது மேல் என்று நினைத்திருப்பான்.

சனிக்கிழமை காலை வெர்டெல் மேக்கனில் இருக்கிற தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். நான் சமையலறையில் இருக்கும்போது அவள் வீட்டில் இருந்தால் அது உதவி ஆகிவிடுமாம். நியாயம் என்றால் அப்படி ஒரு நியாயம். கார் கதவைச் சாத்தப் போனவள் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். வெண்ணெயை உருக்கணும், மேல மாவை ஊத்தணும், அதுக்கு மேல பழத்தைப் போடணும். அப்புறம் கிளறக் கூடாது."

"ஏன்?"

"கிளறக் கூடாது, லெம். எது எங்க போகணும்னு அதுக்கே தெரியும். மாவு மேல வரும், பழம் கீழ போகும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னாப் போதும்."

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு வராத கலை. இருந்தாலும் தலையை ஆட்டினேன்.

பழத்தை உரித்தேன். பீச் தோலில் இருக்கிற பூனைமுடி என் கையிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து சொல்ல முடியாத இடங்களுக்கும் போனது. அரித்தது, சொறிந்தேன். சொறிந்த கையால் மறுபடி உரித்தேன். வெர்டெல் உரித்தால் தோல் ஒரே நாடாவாக வரும். நான் உரித்ததில் தோலோடு பாதிப் பழமும் போய்விட்டது. மீதியைச் சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்தேன். நல்ல வாசனை வந்தது. நம்பிக்கையும் வந்தது. அதுதான் கெடுத்தது.

டப்பாவிலிருந்து மாவு எடுத்தேன். பேக்கிங் பவுடர் டின்னின் முதுகில், கேக் உப்பி வர ஒரு கப் மாவுக்கு இரண்டு ஸ்பூன் போடவும் என்று அச்சடித்திருந்தது. போட்டேன். காலியான பாத்திரம் வீட்டுக்கு வர வேண்டுமே என்று இன்னும் ஒன்று போட்டேன். நீலப் பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மாவை ஊற்றி, பழத்தையும் போட்டாயிற்று.

பார்த்தால் வெண்ணெய் ஓரமெல்லாம் மிதக்கிறது. மாவு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், ஒன்றோடு ஒன்று பேச்சுவார்த்தை இல்லை. தொழிற்சாலையில் ஒரு பஸ்ஸின் அடியில் இப்படி எண்ணெய் மிதந்தால் வேலையையே நிறுத்திவிடுவோம். இந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது?

கிளறினேன். நன்றாகவே கிளறினேன்.

அடுப்புக்குள் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடந்தது நிற்கவில்லை. மாவு எழுந்தது. விளிம்பைத் தாண்டியது. அடுப்பின் அடித்தகட்டில் விழுந்து புகைந்தது. புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. நானும் அலறினேன். ஆர்டிஸ் வேலியைத் தாண்டித் தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்தான். அடுப்பை அணைத்துக் கதவைத் திறந்ததும் மாவுக்கு என்ன தோன்றியதோ, பெருமூச்சு விட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேலே கறுப்பு, நடுவில் பள்ளம், கீழே கூழ்.

ஆர்டிஸ் ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டான். மென்றான். இன்னும் மென்றான்.

"நான் அன்னிக்கே சொன்னேன். ரெண்டு காப்ளரும் ஒண்ணாயிடுச்சு. இதைக் கால்ல கட்டிக்கிட்டு நடக்கலாம்."

"சுவை எப்படிடா?"

"உப்பு. உப்புக்கு அப்புறம் கசப்பு. இதைத் தூண்டில்ல மாட்டினா மீன் நம்ம மேல கேஸ் போடும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியே படகு தெரிந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை எந்தச் சோற்றில் மறைப்பது?

"கிளாடின் கடையில காப்ளர் விக்கிறாங்க" என்றான் ஆர்டிஸ், ஜன்னல் வழியே தன் தக்காளியைப் பார்த்துக்கொண்டே.

"கடையில வாங்கினதை ஹோம்கமிங் மேஜையிலயா? சர்ச்சுல மதர் பிரூயிட்டுக்குத் தெரிஞ்சா என்னை அந்தப் பெக்கான் மரத்துலயே தொங்கவிடுவாங்க."

"தெரிஞ்சாத்தானே?"

நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது கிளாடின் கடை. ஆர்டிஸின் டிரக்கை இரவல் வாங்கிப் போய், உள்ளே நுழைந்தேன். தொண்டையைக் கனைத்தேன். பொரித்த கோழி வாங்க வந்தவன் போல அங்கே இங்கே பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கிளாடின் உள்ளே போய், ஒரு பெரிய அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டு நிறையக் காப்ளர்.

"இது போதுமா, பிரதர் டார்வர்?"

நான் ஆடிப்போனேன். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா?" என்றாள். என் முகம் அவ்வளவு வெளிப்படையானது என்று எனக்கு அதுவரை தெரியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து நீலப் பாத்திரத்தைத் தேய்த்தேன். அடுப்பைத் தேய்த்தேன். காப்ளரை உடையாமல் பாத்திரத்துக்கு மாற்றினேன். சுட்டதை ஆர்டிஸ் வீட்டுத் தக்காளிக்குப் பக்கத்தில் புதைத்தோம். அவன் நாய் வந்து தோண்டிப் பார்த்தது. முகர்ந்துவிட்டு, தானே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனது.

சாயங்காலம் வெர்டெல் வந்தாள். மேலே மூடியிருந்த தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடடே. நல்லா வந்திருக்கே. கிளறலையே?"

"சேச்சே."

"கெட்டிக்காரர்தான், மிஸ்டர் டார்வர்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் ஆத்மா அந்த நேரத்தில் பெக்கான் மரத்தடியில் மூடிவைத்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கடைசி ஆமென் முடிந்ததும் கூட்டம் மேஜைக்குப் பாய்ந்தது. நான் நினைத்தபடியே நடந்தது. நீலப் பாத்திரத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை, கரண்டியை எடுத்தார்கள்.

"இந்த வருஷம் நான் செய்யலம்மா" என்று வெர்டெலின் குரல் கேட்டது. சர்ச் பாடகர் குழுவில் அவள் குரல்தான் கணீரென்று இருக்கும். "இது லெம் செஞ்சது!"

எடுத்த கரண்டிகள் அப்படியே நின்றன. ஒடெஸாவின் கரண்டி பின்வாங்கவே ஆரம்பித்தது. டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒருவர் தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். படகு என் கண் முன்னால் தண்ணீரில் மெதுவாக நகர்ந்து போனது.

அப்போது கூட்டம் வழிவிட்டது. மதர் பிரூயிட் கைத்தடியோடு வந்தார். எங்கள் சர்ச்சுக்கே அம்மா. போதகரே அவரைக் கேட்டுத்தான் தும்முவார்.

"யார் செஞ்சதுன்ன?"

"லெம் செஞ்சதும்மா" என்றாள் வெர்டெல்.

மதர் பிரூயிட் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். தட்டை நீட்டி, "இன்னும் வை" என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பாத்திரத்துக்கு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். ஒடெஸா அடியைச் சுரண்டினார். டெட்ராய்ட்காரர் சுரண்டினதைச் சுரண்டினார். கழுவி வைத்தது போலக் காலி. நான் ஆர்டிஸைப் பார்த்தேன். அவன் தூண்டில் வீசுவது போலக் கையைச் சுழற்றிக் காட்டினான். உலகத்தில் என்னைப் போல் சந்தோஷமான மனிதன் அந்த நிமிஷம் யாரும் இல்லை.

மதர் பிரூயிட் கைத்தடியால் மேஜையைத் தட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னியிலேருந்து காப்ளர் பிரதர் டார்வரோடது."

"ஆமென்!" என்றது ஒரு குரல். பாடகர் குழுவில் கணீரென்று இருக்கும் குரல்.

"ஆமென்!" என்றது கூட்டம். போதகர் என் தோளைத் தட்டினார். "எல்லாம் அவன் செயல், பிரதர்" என்றார். அவர் சொன்னது கர்த்தரைப் பற்றி. எனக்கு எங்கள் வீட்டு அடுப்புதான் ஞாபகம் வந்தது.

"சாகிறவரைக்குமா, மதர்?" என்று கேட்டேன்.

"பின்னே? ஹோம்கமிங்குக்கு, ஈஸ்டருக்கு, கல்யாணத்துக்கு. அப்புறம் யார் தவறினாலும் அடக்கத்துக்கு அப்புறம் போடுற சாப்பாட்டுக்கு."

எங்கள் ஊரில் அடக்கம் எப்போதும் சனிக்கிழமை. எங்கள் சர்ச்சில் பாதிப் பேருக்கு எண்பது தாண்டிவிட்டது.

நான் என்ன சொல்ல முடியும்? நான் செய்யவில்லை என்று சொன்னால் கடையில் வாங்கியது வெளியே வரும். மரமும் பக்கத்திலேயே இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

காரில் வீடு திரும்பும்போது வெர்டெல் மடியில் காலிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு பாட்டை முணுமுணுத்தாள்.

"நீ ஜெயிச்ச மாதிரி பாடறியே. தோத்தது நீதானே?"

"ஆமா. சனிக்கிழமை உங்களுது. சொன்ன சொல் மாற மாட்டேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "கிளாடின் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டா" என்றாள்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமையே அவகிட்ட சொல்லி வெச்சேன். நாளைக்கு மத்தியானம் என் வீட்டுக்காரர் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு வருவார், பெரிய தட்டாக் கொடுன்னு."

"நான் செஞ்சது உருப்படாதுன்னு அவ்வளவு நிச்சயமா?"

"பேக்கிங் பவுடர் டின்னை மாவு டப்பாவுக்குப் பக்கத்துல எடுத்து வெச்சதே நான்தானே? அது தானா உப்புற மாவு, லெம். உப்பும் பேக்கிங் பவுடரும் கடையிலேயே கலந்துதான் வரும். முப்பது வருஷமா அந்த மாவுல பிஸ்கட் திங்கிறீங்க, என்ன மாவுன்னு ஒரு நாள் பார்த்திருக்கீங்களா?"

எனக்குக் கோபம் பொங்கி வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"அம்மா செத்த வாரம் ஞாபகம் இருக்கா?" என்றாள் வெர்டெல். குரலை உயர்த்தவில்லை. "அவங்க அடக்கத்துக்கும் காப்ளர் நான்தான் செஞ்சேன். உரிச்சுக்கிட்டே அழுதேன், அழுதுக்கிட்டே உரிச்சேன். நீ விடும்மா, நாங்க பாத்துக்கறோம்னு ஒருத்தர்கூடச் சொல்லல. நீங்களும் சொல்லல. இன்னும் கொஞ்சம் லவங்கப்பட்டை போடலாம்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் கட்டாயம் சொல்லியிருப்பேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. காரைக் கிளப்பினேன்.

"பரவால்ல வெர்டெல். கிளாடின்தான் இருக்காளே. நானே போய் வாங்கிக்கிறேன்."

"இனிமே உங்களுக்கு விக்காதேன்னும் சொல்லிட்டேன்."

"பீச் சீசன் முடிஞ்சா?"

"உரிச்சுப் பையில போட்டு ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன். கிறிஸ்மஸ் வரைக்கும் வரும்."

அந்த வாரமே எங்கள் சர்ச்சின் பழைய டீக்கன் ஒருவர் தூக்கத்தில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். சனிக்கிழமை காலை நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வெண்ணெயை உருக்கி, மாவை ஊற்றி, பழத்தைப் போட்டேன். வெண்ணெய் மிதந்தது. கை பரபரத்தது. ஆனாலும் கரண்டியைத் தொடவில்லை.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஆர்டிஸின் டிரக். அதன் பின்னால் என் படகு. முன் சீட்டில் என் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெர்டெல். ஆர்டிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வெர்டெல்! அது என் படகு! சனிக்கிழமை என்னுது!"

"உங்க சனிக்கிழமையை நான் தொடலையே! சும்மா கிடக்கிற படகைத்தானே எடுத்துக்கிட்டுப் போறேன்!"

"எப்போலேருந்து நீங்க ரெண்டு பேரும் இதைப் பேசி வெச்சீங்க? டேய் ஆர்டிஸ்! கிளாடின் கடைக்கு என்னை அனுப்பினது நீதானேடா!"

வண்டி நகர்ந்தது. வெர்டெல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"கிளறாதீங்க, மிஸ்டர் டார்வர்!"